பசியா, பதற்றமா? உடலின் உட்செய்திகளும் உண்ணுதல் கோளாறுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனோரெக்ஸியா (எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைப்பது), புலிமியா (அளவுமீறி உண்டுவிட்டு வாந்தி போன்றவற்றால் ஈடுகட்டுவது) போன்ற உண்ணுதல் கோளாறுகள் உள்ளவர்களும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எடை எண்களோ கலோரிக் கணக்கோ இந்தப் பக்கத்தில் எங்கும் வராது. படிப்பவர்களில் சிலருக்கு அந்த எண்களே தூண்டுதலாகிவிடும்.

அக உடலுணர்வு என்றால் என்ன?

உடலுக்குள் நடப்பதை உணர்வதுதான். பசி, தாகம், வயிறு நிறைவது, மூச்சு முட்டுவது, நெஞ்சு அடித்துக்கொள்வது, சிறுநீர் முட்டுவது, குளிர், சூடு, களைப்பு, வலி எல்லாம் இதில் அடங்கும். கண்ணும் காதும் வெளியுலகைப் பார்க்கின்றன. இது உள்ளே திரும்பியிருக்கும் புலன். ஆங்கிலேய நரம்பியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் புலன்களை வகைப்படுத்தியபோது இதைத் தனிப் பிரிவாக வைத்தார். இன்டெரோசெப்ஷன் என்ற ஆங்கிலப் பெயருக்கு ஈடாக இங்கே அக உடலுணர்வு என்று எழுதுகிறேன்.

இதில் பெரும்பகுதி நம் கவனத்துக்கே வராமல் நடந்து முடிகிறது. ரத்த அழுத்தத்தை மூளை நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டே இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. ஏதாவது எல்லை மீறும்போதுதான் 'என்னமோ பண்ணுதே' என்று தெரியவருகிறது.

உடலின் செய்தி மூளைக்கு எந்த வழியாகப் போகிறது?

நரம்புகளில் இரண்டு பெரிய பாதைகள் உண்டு. ஒன்று வேகஸ் நரம்பு. இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் எல்லாவற்றையும் மூளைத்தண்டோடு இணைப்பது இதுதான். இதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் கீழிருந்து மேலே செய்தி சுமப்பவை. மூளையின் கட்டளையைக் கீழே கொண்டுவருபவை குறைவு. இன்னொரு பாதை தண்டுவடம் வழியாக வலி, வெப்பம் போன்றவற்றைக் கொண்டுபோகிறது. இரண்டும் கடைசியில் சேரும் முக்கியமான இடங்களில் ஒன்று இன்சுலா. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பகுதி அது.

அமெரிக்க நரம்பியலாளர் ஏ. டி. கிரெய்க் 2002இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இன்சுலாவின் பின்பகுதியில் உடலின் நிலை வெறும் தகவலாக வந்து விழுகிறது. அது முன்பகுதிக்கு நகர நகர 'எனக்கு இப்படி இருக்கிறது' என்ற அனுபவமாக மாறுகிறது என்றார். இந்தத் துறையில் இன்று நடக்கும் ஆய்வுகளில் பல அந்தக் கருத்தோடுதான் வாதாடிக்கொண்டிருக்கின்றன.

ரத்தமும் செய்தி சுமக்கிறது. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்பி உடலின் சேமிப்பு நிலவரத்தைச் சொல்லும். 1999இல் கண்டறியப்பட்ட கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையிலிருந்து வந்து பசியைத் தூண்டும். உணவு குடலுக்குள் இறங்கும்போது சுரக்கும் சி.சி.கே. என்ற ஹார்மோன் 'போதும்' என்ற உணர்வுக்கு உதவும்.

பசி வயிற்றில்தானே எடுக்கிறது?

வால்டர் கேனன் என்ற உடலியலாளர் அப்படித்தான் நினைத்தார். 1912இல் வெளியான ஆய்வுக்காக அவருடைய மாணவர் வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கி, அதை வயிற்றுக்குள் ஊதவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வயிறு இறுகிச் சுருங்கிய நேரமும், அவர் 'இப்போது பசிக்கிறது' என்று குறித்த நேரமும் ஒத்துப்போயின. அழகான பரிசோதனை, ஆனால் பாதி உண்மைதான். அறுவை சிகிச்சையில் இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கும் பசி எடுக்கிறதே!

வயிறு, குடல், ரத்தம், கல்லீரல், கொழுப்புத் திசு, வழக்கமாகச் சாப்பிடும் நேரம், கண்ணில் பட்டது, மூக்கில் ஏறியது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மூளை எடுக்கும் முடிவுதான் பசி. முடிவு என்பதால் அது தப்பாகவும் போகலாம். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்தத் தப்பைப் பற்றியவை.

ஒருவருடைய அக உடலுணர்வை அளக்க முடியுமா?

முயல்கிறார்கள். ஜெர்மன் உளவியலாளர் ரைனர் ஷான்ட்ரியின் 1981ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின் பரவிய முறை எளியது. நாடியைத் தொடாமல், கொடுத்த நேரத்துக்குள் இதயம் எத்தனை முறை துடித்தது என்று உள்ளுக்குள் உணர்ந்து எண்ண வேண்டும். கருவி ஒரு பக்கம் பதிவுசெய்யும். இரண்டு எண்ணும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அதுதான் மதிப்பெண்.

இதில் ஓட்டை பெரியது. இதயம் நிமிடத்துக்கு 70 முறை அளவில் துடிக்கும் என்று தெரிந்தவர், ஒன்றுமே உணராமல் மனக்கணக்குப் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். பட்டினியால் துடிப்பு மிகவும் மெதுவாகிவிட்டவர் அதே கணக்கைப் போட்டால் மதிப்பெண் கீழே விழும். அவருடைய உணரும் திறனில் குறை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அனோரெக்ஸியா பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

சாரா கார்ஃபிங்கல், ஹியூகோ கிரிட்ச்லி உள்ளிட்டோர் 2015இல் இந்தத் திறனை மூன்றாகப் பிரித்தார்கள். எவ்வளவு சரியாக உணர்கிறீர்கள் என்பது ஒன்று. சரியாக உணர்வதாக எவ்வளவு நம்புகிறீர்கள் என்பது இன்னொன்று. அந்த நம்பிக்கைக்கும் உண்மைக்கும் எவ்வளவு பொருத்தம் என்பது மூன்றாவது. தன் உடலைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று அடித்துச் சொல்பவர் பரிசோதனையில் கோட்டைவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

உணர்ச்சி முதலில் உடலில் தோன்றுகிறதா, மனதிலா?

இந்தச் சண்டைக்கு 140 வயது. பயந்ததால் நெஞ்சு படபடக்கவில்லை, நெஞ்சு படபடப்பதை உணர்வதுதான் பயம் என்று 1884இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். அடுத்த ஆண்டே டென்மார்க்கின் கார்ல் லாங்கேயும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். பலூன் பரிசோதனை நடத்திய அதே கேனன் 1927இல் மறுத்தார். கோபம், பயம், காய்ச்சல் மூன்றிலும் உள்ளுறுப்புகளில் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை வைத்து எந்த உணர்ச்சி என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டார்.

1962இல் ஸ்டான்லி ஷாக்டரும் ஜெரோம் சிங்கரும் அட்ரினலின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பங்கேற்றவர்களிடம் அது ஒரு வைட்டமின் மருந்து, பார்வைத்திறனில் அதன் விளைவைச் சோதிக்கிறோம் என்று சொல்லப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நடித்தவர் குதூகலமாக இருந்தாரா, எரிந்து விழுந்தாரா என்பதைப் பொறுத்துத் தங்கள் படபடப்புக்கு அவர்கள் பொருள் கண்டார்கள் என்று முடிவு வந்தது. பின்னால் செய்துபார்த்தவர்களுக்கு அதே விளைவு தெளிவாகக் கிடைக்கவில்லை. இருந்தாலும், உடலின் கிளர்ச்சிக்குச் சூழலை வைத்துப் பெயர் சூட்டுகிறோம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

இன்று லிசா ஃபெல்ட்மன் பாரெட், அனில் சேத் போன்ற மூளை ஆய்வாளர்கள் இன்னொரு படி மேலே போகிறார்கள். செய்தி வந்து சேரட்டும் என்று மூளை காத்திருப்பதில்லை. உடலுக்குள் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கிறது; வரும் செய்தியை அந்த ஊகத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொள்கிறது. ஊகம் பிடிவாதமானதாக இருந்தால் வந்த செய்தியே திரிந்துபோகும். சாப்பாட்டைப் பார்த்ததும் 'இது என்னை என்னவோ செய்யப்போகிறது' என்று ஊகிக்கப் பழகிய மூளைக்கு, முதல் கவளத்துக்கு முன்பே வயிறு கனக்கத் தொடங்கிவிடும். அது பாசாங்கில்லை, அந்தக் கனம் அவருக்கு நிஜம்.

எனக்கு என்ன உணர்வு வருகிறது என்றே சொல்லத் தெரிவதில்லை. இதுவும் சம்பந்தப்பட்டதா?

சம்பந்தம் உண்டு. உணர்ச்சியை இனம்காணவும் சொல்லவும் சிரமப்படும் தன்மைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970களின் தொடக்கத்தில் வைத்த பெயர் இது. பொது மக்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேரிடம் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது. நோய் என்று சொல்ல முடியாது. ஒரு மனிதரின் இயல்புகளில் ஒன்று. உண்ணுதல் கோளாறு உள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் ஒருமித்துச் சொல்கின்றன.

எப்படி இருக்கும் என்றால், 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றோ 'ஒரு மாதிரி இருக்கிறது' என்றோதான் பதில் வரும். மறைக்கவில்லை, அதற்குமேல் அவருக்கே தெரியவில்லை. தோழி பேசாமல் போனதால் வந்த வருத்தம் வயிற்றில் ஓர் இறுக்கமாக மட்டும் தெரிகிறது. வருத்தம் என்று தெரிந்தால் அழலாம், பேசலாம். வயிற்றுக் கோளாறு என்று தெரிந்தால் சாப்பாட்டைத்தான் மாற்றத் தோன்றும்.

உண்ணுதல் கோளாறையும் இதையும் முதலில் இணைத்துப் பார்த்தவர் யார்?

ஹில்டே புரூக். ஜெர்மனியில் பிறந்து, நாஜி ஆட்சி வந்ததும் வெளியேறி, அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர். 1962இல் வெளியான கட்டுரையில் அனோரெக்ஸியாவின் மையத்தில் மூன்று சிக்கல்களை வைத்தார்: தன் உடலின் உருவத்தைத் தவறாகக் காண்பது, உடலிலிருந்து எழும் செய்திகளைத் தவறாக உணர்வது அல்லது தவறாகப் பொருள்கொள்வது, தன்னால் எதையும் செய்ய முடியாது என்ற ஆழமான இயலாமை உணர்வு. பசியைப் போலவே உணர்ச்சிகளையும் அவர்கள் இனம்காணத் தடுமாறுகிறார்கள் என்று அப்போதே கவனித்தார்.

காரணம் சொல்லும்போது அவர், குழந்தை எதற்கு அழுதாலும் பால் கொடுப்பது போன்ற பொருந்தாத கவனிப்பால் குழந்தைக்குத் தன் உடலின் செய்திகளைப் பிரித்தறியும் வாய்ப்பு போய்விடுகிறது என்றார். அந்தப் பகுதி தாய்மார்கள் மீது பெரும் பழியாக விழுந்தது. உண்ணுதல் கோளாறுக்குப் பெற்றோர்தான் காரணம் என்ற கருத்தை இன்று துறையில் ஏற்பதில்லை. மரபணுவின் பங்கு கணிசமானது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன.

புரூக் சொன்னது 1983இல் ஒரு வினாத்தாளாகவும் மாறியது. டேவிட் கார்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய அந்த உண்ணுதல் கோளாறு வினாத்தாளில் அக உடலுணர்வுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதிலுள்ள கேள்விகளில் சில பசி, நிறைவு பற்றியவை. பல உணர்ச்சிக் குழப்பம் பற்றியவை. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கூட்டிவிடுகிறார்கள். ஆகவே 'உண்ணுதல் கோளாறு உள்ளவர்களிடம் அக உடலுணர்வுக் குறை அதிகம்' என்ற தலைப்பைப் பார்த்தால், எதை அளந்தார்கள் என்று ஒரு முறை பாருங்கள். வினாத்தாளில் நோய் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. இதயத் துடிப்பை எண்ணும் சோதனைகளில் சில ஆய்வுகள் குறை கண்டன, சில காணவில்லை.

அனோரெக்ஸியா உள்ளவருக்குப் பசியே எடுக்காதா?

அனோரெக்ஸியா என்ற பெயருக்கே பசியின்மை என்றுதான் அர்த்தம். நோய்க்கு இப்படியொரு பெயர் வாய்த்தது துரதிர்ஷ்டம். பலருக்குப் பசி எடுக்கிறது, சில நேரம் கொடுமையாக எடுக்கிறது. ரத்தத்தைச் சோதித்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடியும், சேமிப்பு இருப்பதாகச் சொல்லும் லெப்டின் குறைந்தும் இருக்கும். உடல் தன் வேலையைச் சரியாகச் செய்து, 'சாப்பிடு' என்று கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் அந்தக் குரல் எங்கே போகிறது? ஆளுக்கு ஆள் பதில் மாறுகிறது. சிலருக்குப் பசி தெரிகிறது, ஆனால் அது வெற்றியின் அடையாளமாகப் பொருள் மாறிவிட்டது. சிலருக்குப் பசியும் பதற்றமும் ஒன்றாகக் குழைந்துவிட்டன. இந்தக் குழப்பத்துக்கு உடலியல் காரணமும் உண்டு: ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது அட்ரினலின் சுரக்கிறது, கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். பதற்றம் வந்தாலும் இவைதான் வரும். சாப்பிட வேண்டிய நேரத்தில் உடல் அனுப்பும் செய்தியை 'பயமாக இருக்கிறது' என்று படித்துவிட்டால், தட்டைத் தள்ளிவைப்பதுதான் இயல்பாகத் தோன்றும்.

இன்னும் சிலருக்கு, உண்ணாமல் இருக்கும்போது மனம் மரத்து அமைதியாகிறது. சாப்பிட ஆரம்பித்தால் அமுங்கிக் கிடந்த உணர்ச்சிகள் எல்லாம் எழுந்து வருகின்றன. இவர்களுக்குச் சாப்பாட்டின் மீதுள்ள பயத்தில் ஒரு பங்கு அந்த உணர்ச்சிகள் மீதுள்ள பயம்தான்.

2015இல் சாகிப் கால்சாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருத்தம். இதயத் துடிப்பைக் கூட்டும் மருந்தைக் கொடுத்து, என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். அனோரெக்ஸியா உள்ளவர்கள், குறிப்பாகச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில், இதயத்திலும் மூச்சிலும் மற்றவர்களைவிட அதிக மாற்றத்தை உணர்ந்ததாகச் சொன்னார்கள். இவர்களுக்கு உடலே மரத்துப்போய்விட்டது என்ற எளிய கதைக்கு இது பொருந்தவில்லை. சில செய்திகள் மங்கியும் சில செய்திகள் பல மடங்கு உரத்தும் கேட்கின்றன என்பது உண்மைக்கு நெருக்கமான விவரிப்பு.

உட்செய்தி குழம்பியதால் பட்டினியா, பட்டினியால் உட்செய்தி குழம்பியதா?

இரண்டும் நடக்கிறது. ஆனால் இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்கு வலுவான சான்று உண்ணுதல் கோளாறு ஆய்விலிருந்து வரவில்லை.

இரண்டாம் உலகப் போரின் முடிவில், பஞ்சத்தில் வாடியவர்களை எப்படி மீட்பது என்று அறிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு பரிசோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 ஆண்கள் தாமே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1945இல் 24 வாரங்கள் அரைப்பட்டினி.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது அங்கே அப்படியே நடந்தது. சிடுசிடுப்பு, மனச்சோர்வு, தனிமை, எப்போதும் குளிர், எதிலும் அக்கறையின்மை. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு. சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கிடைத்த உணவை மணிக்கணக்கில் கிளறிக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார்கள். இதயத் துடிப்பு இறங்கியது. பட்டினி முடிந்து தாராளமாக உணவு கிடைத்த பிறகும் சிலருக்கு நிறைவு உணர்வு வரவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 'இன்னும் பசிக்கிறது' என்றார்கள். இது ஓரிரு நாளில் போகவில்லை, பல வாரங்கள் நீடித்தது. இவர்களில் யாரும் உண்ணுதல் கோளாறோடு உள்ளே வந்தவர்கள் அல்ல.

அனோரெக்ஸியாவில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஊட்டம் குறைந்தால் இரைப்பை உணவைக் குடலுக்குத் தள்ளும் வேகமும் குறைந்துவிடும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு கல்லுப்போல் நிற்கும், உப்பும், குமட்டும். 'சாப்பிட முடியவில்லை, வயிறு நிறைந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் சாக்கு அல்ல. நோய் உண்டாக்கிய நிறைவு அது. ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிட, சில வாரங்களில் இரைப்பையின் வேகம் பெருமளவு மீள்கிறது. மருந்து எதைவிடவும் சாப்பாடுதான் இதற்குச் சிகிச்சை என்பது நோயாளிக்குக் கேட்கவே கொடுமையாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

புலிமியாவிலும் அளவுமீறி உண்ணும் கோளாறிலும் என்ன நடக்கிறது?

புலிமியா நெர்வோசாவை ஜெரால்ட் ரஸ்ஸல் 1979இல் தனி நோயாக விவரித்தார். அளவுமீறி உண்ணுதல் 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில் தனிக் கோளாறாக இடம்பெற்றது. புலிமியா உள்ளவர்களிடம் இரைப்பையின் கொள்ளளவு கூடியிருப்பதும், உணவுக்குப் பின் சி.சி.கே. சுரப்பது குறைந்திருப்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. நிறைவுச் செய்தி தாமதமாகவும் மெலிந்தும் வருகிறது என்று இதைப் படிக்கலாம். பழக்கம் உடலை மாற்றியிருக்கிறது. மாறிய உடல் பழக்கத்துக்குத் துணைபோகிறது.

உணர்ச்சிப் பக்கத்தில், டாட் ஹெதர்டனும் ராய் பாமைஸ்டரும் 1991இல் சொன்ன விளக்கம் இன்னும் செல்லுபடியாகிறது. தன்னைப் பற்றிய வேதனையான நினைப்பிலிருந்து தப்பிக்க, கவனம் கண்முன் இருப்பதில் மட்டும் சுருங்குகிறது: மெல்லுவது, விழுங்குவது, அடுத்த வாய். அந்தச் சில நிமிடங்களுக்கு வேறு எதுவும் தெரிவதில்லை. முடிந்ததும் எல்லாம் திரும்பி வருகிறது, கூடவே வெட்கமும். இவர்களிடம் போய் 'கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும்' என்பது பயனற்ற அறிவுரை. பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்து பட்டினி கிடந்ததுதான் பல நேரம் இரவில் வெடிக்கிறது.

'குண்டாக உணர்கிறேன்' என்கிறாள் என் மகள். எடை கூடவே இல்லையே?

குண்டு என்பது உடலின் அளவு. அதை உணர்ச்சியாக உணர முடியாது. அந்தச் சொல்லுக்கு அடியில் வேறு ஏதோ இருக்கிறது. வயிறு உப்பியிருக்கலாம், உடை இறுக்கியிருக்கலாம், மாதவிலக்கு நெருங்கியிருக்கலாம். அவமானம், தனிமை, சலிப்பு, தேர்வுப் பயம் எதுவாகவும் இருக்கலாம். உடலின் அசௌகரியம், மனதின் அசௌகரியம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டது. காலையில் அப்படித் தோன்றி மதியத்துக்குள் போய்விடும் 'குண்டு' உடலின் அளவாக இருக்க வழியில்லை என்பதை அவளே கவனிக்கும்படி சிகிச்சையில் பழக்குகிறார்கள்: எப்போது தோன்றியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று குறித்துவரச் சொல்வார்கள்.

'நீ குண்டில்லை' என்று வாதாடாதீர்கள். அந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் பேச்சு குண்டிலேயே நின்றுவிடும்.

'உடல் சொல்வதைக் கேளுங்கள், பசித்தால் புசியுங்கள்' என்கிறார்களே. அது சரிதானே?

நலமாக இருப்பவருக்குச் சரி. உண்ணுதல் கோளாறின் நடுவில் இருப்பவருக்கு, என் பார்வையில், ஆபத்தான அறிவுரை. இரைப்பை மெதுவாகிவிட்டது, பசி பதற்றமாகத் தெரிகிறது, பதற்றம் நிறைவாகத் தெரிகிறது. அந்த நிலையில் உடல் சொல்வதைக் கேட்டால் அது 'வேண்டாம்' என்றுதான் சொல்லும். நோயின் குரலும் உடலின் குரலும் அவருக்கு ஒரே மாதிரி கேட்கின்றன.

அதனால்தான் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் பசியை நம்பித் தொடங்குவதில்லை. கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் ஆரம்ப வேலைகளில் ஒன்று ஒழுங்கான உணவு நேரம்: மூன்று வேளை உணவு, இடையில் இரண்டோ மூன்றோ சிற்றுணவு, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கடிகாரப்படி. பதின்பருவத்தினருக்கான குடும்பம் சார்ந்த சிகிச்சையில், எவ்வளவு, எப்போது என்ற முடிவைப் பெற்றோர் சில காலம் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். எலும்பு கூடும்வரை காலுக்குக் கட்டுப் போட்டிருப்பது போல, இந்த அட்டவணையும் செய்திகள் சீராகும்வரை தாங்கிநிற்கிறது.

உள்ளுணர்ந்து உண்ணும் முறைகளைப் பேசும் நல்ல சிகிச்சையாளர்களும் அதைப் பின்கட்டத்துக்குத்தான் வைக்கிறார்கள். சமூக ஊடகத்தில் அந்த 'பின்கட்டம்' என்ற சொல் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

அப்படியென்றால் அக உடலுணர்வைப் பயிற்றுவிக்கவே வேண்டாமா?

வேண்டும், வரிசையாக. ஊட்டம் ஓரளவு மீண்ட பிறகு, சாப்பாட்டுக்குத் தொடர்பில்லாத செய்திகளிலிருந்து ஆரம்பிப்பது பலருக்கு எளிது: கை குளிர்ந்திருக்கிறதா, தோள் இறுகியிருக்கிறதா, சிறுநீர் முட்டுகிறதா, கண் எரிகிறதா. வயிறு கடைசியில் வரட்டும்.

பதற்ற நோய்க்குப் பயன்படும் ஒரு முறையை இங்கும் சோதித்துவருகிறார்கள். பயமுறுத்தும் உடல் உணர்வை, சிகிச்சையாளரின் கண்காணிப்பில், வேண்டுமென்றே வரவழைத்து, அதிலிருந்து ஓடாமல் கூடவே இருந்து பழகுவது. சாப்பிட்டபின் வரும் வயிற்றுக் கனம் தானே ஏறித் தானே இறங்கும் என்பதை அனுபவமாகக் கற்றுக்கொள்வது இதன் நோக்கம். தோலின் சூட்டுக்குச் சமமான உப்புநீரில் மிதக்கவைக்கும் முறையையும் அனோரெக்ஸியாவில் முயன்று, உடல் மீதான அதிருப்தி குறைவதைக் கண்டிருக்கிறார்கள். இது இன்னும் ஆய்வுக் கட்டத்தில் உள்ளது. தனிச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ள முடியாது.

மார்ஷா லினஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை மறுபக்கத்திலிருந்து வருகிறது: உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும், அது உச்சத்துக்குப் போகும்போது தாங்கிக்கொள்ளவும் பழக்குகிறது. அளவுமீறி உண்ணுதலிலும் புலிமியாவிலும் இது உதவுகிறது.

தியானம் செய்தால் போதுமா? ஸ்மார்ட் வாட்ச் உதவுமா?

உடலின் மீது கவனம் குவிக்கும் தியானம் சிலருக்கு இதம். சிலருக்கு, முக்கியமாக உடல் ரீதியான கொடுமையை அனுபவித்தவர்களுக்கு, கண்ணை மூடி உடலுக்குள் போவதே திகில். கண்ணைத் திறந்துகொண்டு, காலடியில் உள்ள தரையைக் கவனிப்பதிலிருந்து தொடங்கலாம். வாட்ச்சைக் கழற்றி வைப்பதே நல்லது. அடியெண்ணிக்கையும் எரித்த கலோரிக் கணக்கும் இந்த நோய்க்குத் தீனி.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இது இன்னும் சிக்கலா?

பலருக்கு ஆம். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அலெக்ஸிதைமியா காணப்படுகிறது. பசியைத் தவறவிட்டு, தலை சுற்றும்போதுதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று உணர்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், உணவின் தன்மையோ மணமோ தாங்க முடியாமல் தவிர்ப்பவர்களும் உண்டு. அங்கே உடல் தோற்றம் பற்றிய கவலை இருக்காது. டி.எஸ்.எம்.-5 இதை உணவைத் தவிர்க்கும் அல்லது கட்டுப்படுத்தும் கோளாறு என்று தனியாகப் பிரித்திருக்கிறது. அனோரெக்ஸியாவுக்கான சிகிச்சையை அப்படியே இவர்களுக்குக் கொடுத்தால் சரிவராது.

ஆண்களுக்கும் வருமா?

வரும். தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன பேசலாம்?

'பசிக்கிறதா?' என்ற கேள்வியைச் சில காலம் விட்டுவிடுங்கள். அதற்கு நேர்மையான பதிலே அவரிடம் இல்லாமல் இருக்கலாம். 'இல்லை' என்று வந்துவிட்டால் அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? 'சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, வா' என்பது போதும். சாப்பிடும்போது உணவைப் பற்றிப் பேசாமல் வேறு எதையாவது பேசுங்கள். சாப்பிட்ட பிறகான அரை மணி, ஒரு மணி நேரம்தான் பலருக்கும் தாங்க முடியாதது. வயிற்றில் புளியைக் கரைக்கும் அந்த நேரத்தில் கூட இருப்பது, ஒன்றாக ஏதாவது பார்ப்பது, சீட்டாடுவது எல்லாம் அறிவுரையைவிடப் பெரிய உதவி.

உணர்ச்சியைக் கேட்கும்போது 'என்ன ஆச்சு?' என்ற திறந்த கேள்வி சிலரைத் திணறடிக்கும். 'கோபமா, வருத்தமா, இரண்டுமா?' என்று தேர்ந்தெடுக்கக் கொடுங்கள். 'எதுவும் இல்லை, வேறு' என்ற பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு எனக்கு உண்ணுதல் கோளாறு இருக்கிறதா என்று நானே முடிவு செய்யலாமா?

வேண்டாம். பசி தெரியாமல் போவதற்குத் தைராய்டு, மனச்சோர்வு, சில மருந்துகள், குடல் நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. மருத்துவரிடம் போகும்போது 'சாப்பிடப் பிடிக்கவில்லை' என்பதோடு நிறுத்தாமல், சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் என்ன உணர்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நோயறிய அது உதவும்.

எப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மயக்கம் போட்டு விழுந்தால், நெஞ்சு வலித்தால், துடிப்பு மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ இருந்தால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், ரத்த வாந்தி வந்தால், உயிரை விடும் எண்ணம் வந்தால் உடனே போங்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து இதயம் தடம்புரளலாம். வெளியே நன்றாகத்தான் தெரிவார்கள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள், ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் பார்த்துச் சொல்லட்டும். மனநோய்களில் மிக அதிக இறப்பு விகிதம் கொண்டவற்றில் அனோரெக்ஸியா ஒன்று.

நீண்ட பட்டினிக்குப் பின் வீட்டிலேயே திடீரென்று நிறையச் சாப்பிடவைப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சரசரவென்று இறங்கி இதயத்தையும் மூச்சையும் பாதிக்கக்கூடும். எவ்வளவு வேகத்தில் கூட்டுவது என்பதை மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும்.

குணமான பிறகு பசியும் நிறைவும் பழையபடி தெரியுமா?

பெரும்பாலோருக்கு மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். ஒரே சீராக வராது. சிலருக்கு முதலில் பெரும்பசி வந்து பயமுறுத்தும். மினசோட்டாவில் அந்த ஆண்களுக்கு வந்தது போலத்தான், உடல் இழந்ததை மீட்கிறது. பசி திரும்பிய பிறகும் நிறைவு உணர்வு பிந்தி வரலாம். உணர்ச்சிகள் திரும்புவது இன்னும் கரடுமுரடு. வருடக்கணக்கில் மரத்துக் கிடந்த கோபமும் துக்கமும் ஒன்றாக எழும்போது 'நோயோடு இருந்தபோதே நன்றாக இருந்தேன்' என்று தோன்றும். நோய் திரும்பவும் பிடிக்க வாய்ப்பு அதிகமுள்ள காலம் இது. எடை சரியாகிவிட்டதே என்று மனநலச் சிகிச்சையை அப்போது நிறுத்திவிடக் கூடாது.

முழுதாகக் குணமானவர்களில் சிலருக்கும் பசி தெளிவாகத் தெரிவதே இல்லை. அவர்கள் நேரம் பார்த்துச் சாப்பிட்டு நன்றாக வாழ்கிறார்கள்.